குதிர் மேல் வைத்த ஸ்பீக்கர்

என் வீட்டுக்காரருக்கு எதுவும் போதாது. வாய் திறந்து குறை சொல்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படிச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு கேட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். குழம்பை ஊற்றினால் பேசாமல் சாப்பிடுவார். சாப்பிட்டு முடித்துவிட்டு ஒரு நொடி கூரையைப் பார்ப்பார். உப்பு சரி, புளி சரி, ஆனாலும் ஏதோ ஒன்று எட்டவில்லை என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். பத்து மாமியார் திட்டினாலும் தாங்கிக்கொள்ளலாம், அந்தக் கூரைப் பார்வையைத் தாங்க முடியாது. இப்படிப்பட்ட மனுஷன் பாட்டுக் கேட்கிற செட் ஒன்று வாங்கினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. செஞ்சியில் கடைத்தெருவுக்குப் பின்னால் எங்கள் வீடு. அவருக்கு மல்லாட்டை வியாபாரம். வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஏரிக்குக் கீழே கொஞ்சம் நஞ்சை, மூன்று பெண் பிள்ளைகள், கூடத்தின் மூலையில் ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு மண் குதிர். இவ்வளவுதான் எங்கள் குடித்தனம். தை மாசம் அறுத்த நெல்லைக் குதிரின் மேல் வாயில் கொட்டி மூடிவிடுவோம். அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதில் அடைத்திருக்கும் துணியைப் பிடுங்கினால் நெல் கொட்டும்; வேண்டியதைப் பிடித்துக்கொண்டு மறுபடி அடைத்துவிட வேண்டியதுதான். அடுத்த தை வரைக்கும் எங்கள் ஐந்து வயிறும் அந்த ஓட்டையை நம்பித்தான் இருந்தன.

ஒரு நாள் பாண்டிச்சேரிக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போனவர், திரும்பி வரும்போது லாரியில் வைக்கோலைப் பரப்பி அதன் மேல் மூன்று சாமான்களைக் கொண்டுவந்து இறக்கினார். சைகோனில் உத்தியோகம் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவர் விற்றாராம். ரெக்கார்டு சுற்றுகிற மேடை ஒன்று. உள்ளே பல்புகள் கங்கு மாதிரி எரிகிற ஆம்ப்ளிஃபயர் ஒன்று. சோற்றுத் தட்டை விடப் பெரிய ஸ்பீக்கர் ஒன்று. ஸ்பீக்கருக்கு மட்டும் பெட்டி இல்லை, கப்பலிலேயே உடைந்துவிட்டதாம். விலையை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே எங்கள் வீட்டில் ஒரு கொலை விழுந்திருக்கும்.

செட்டோடு ஒரு ரெக்கார்டும் வந்தது. ஒரு அம்மா பாடுகிற தாலாட்டு. இரண்டாவது அடி முடிந்து மூன்றாவது அடி தொடங்குவதற்கு முன்னால் அந்த அம்மா மூச்சை இழுத்துக்கொள்வாராம். பாண்டிச்சேரியில் விற்றவர் வீட்டில் இருந்த வேறொரு செட்டில் கேட்டபோது, பக்கத்தில் இருக்கிற பெண் மூச்சு வாங்குகிற மாதிரி இருந்ததாம். இங்கே கொண்டுவந்து போட்டால் பாட்டு இருக்கிறது, மூச்சைக் காணோம். ஊர் பேர் தெரியாத ஒரு பொம்பளையின் மூச்சைத் தேடி என் புருஷன் அலைய ஆரம்பித்தது இப்படித்தான்.

தேடட்டும், அவர் பாடு என்று விட்டிருப்பேன். என்னை விட்டால்தானே! எதை மாற்றினாலும் என்னைக் கூப்பிடுவார்.

"இங்க வாமே. இத கேளு. மூச்சு கேக்குதா?"

கையில் கரண்டியோடு வந்து நிற்பேன். எனக்குக் கஞ்சி கொதிக்கிறதுதான் கேட்கிறது என்பேன். அவர் கூரையைப் பார்ப்பார். அடுப்பை ஊதி ஊதி நான் வாங்குகிற மூச்சு தெருமுனை வரைக்கும் கேட்கும், அதைக் கேட்க இந்த வீட்டில் ஒரு ஆள் கிடையாது. எனக்கு எரியுமா எரியாதா?

முதலில் ஆசாரியைக் கூப்பிட்டுத் தேக்குப் பலகையில் பெட்டி செய்தார். அதில் வைத்துப் பாடவிட்டால் அந்த அம்மாவுக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி இருக்கிறதாம். பெட்டிக்குள் பஞ்சு அடைத்தால் சரியாகும் என்று யாரோ சொல்லிவிட்டான். வீட்டில் இருந்த தலையணைகளை எல்லாம் கிழித்து இலவம் பஞ்சைப் பெட்டிக்குள் திணித்தார். நாங்கள் கையை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்தோம், ஸ்பீக்கர் மெத்தையில் படுத்தது. அதுவும் சரிவரவில்லை. அடுத்து பீரோவின் கதவில் ஓட்டை போட்டு அதில் பொருத்தினார். பாட்டுப் போடும்போதெல்லாம் சேலைகள் நடுங்கின. பிறகு என் தாய்வீட்டுச் சீர் அண்டாவில் இறக்கிப் பார்த்தார். அந்த அம்மா அண்டாவுக்குள் விழுந்துவிட்டு, யாராவது வந்து தூக்கிவிடுங்கள் என்று கதறுகிற மாதிரி இருந்தது. எனக்கே பாவமாகிவிட்டது.

இது போதாதென்று ஊரும் அவருக்கு எதிரியாகிவிட்டது. அமாவாசை வந்தால் மேல்மலையனூருக்குப் போகிற ஸ்பெஷல் பஸ் எல்லாம் எங்கள் பக்கமாகத்தான் ஆரன் அடித்துக்கொண்டு போகும். அன்றைக்கு ஜன்னலில் எல்லாம் சாக்கைத் திணித்துவிடுவார். உள்ளே வெந்து சாவோம். வயல்களில் பம்புசெட் போட்டால் கரண்ட் இறங்கிவிடும். அந்த அம்மாவுக்குக் கொட்டாவி வந்து, தாலாட்டுப் பாடப் பாட அவரே தூங்கி விழுவார். சித்திரை வந்தால் மலைப் பாறையெல்லாம் கக்குகிற சூட்டில் ரெக்கார்டு அப்பளமாக வளைந்துவிடும். அதை ஈரத்துணியில் சுற்றி, அம்மிக்கல்லை மேலே வைத்து நிமிர்த்துவார். அரைப்பதற்கு அம்மி வேண்டுமென்றால் நான் அவருக்குச் சொல்லியனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

கேட்டவர்கள் எல்லாரும் பிரமாதம் என்றுதான் சொன்னார்கள். பங்குச் சாமியார் ஒரு நாள் வந்து, கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, மோட்சத்தில் இப்படித்தான் இருக்கும் என்றார். இவர் பணிவாகத் தலையை ஆட்டினார். சாமியார் போனதும், மோட்சத்திலும் கொஞ்சம் இரைச்சல் இருக்கும்போல என்று சொல்லிவிட்டுத் ஸ்க்ரூ முடுக்குகிற திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். யார் சொன்னாலும் அவருக்கு ஏறாது. என்னை மட்டும் திரும்பத் திரும்பக் கூப்பிடுவார். நானும் திரும்பத் திரும்பக் கஞ்சி, உலை, பால் என்று எது கொதிக்கிறதோ அதைச் சொல்லிவிட்டுப் போவேன்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. ஏரி பாதிகூட நிரம்பவில்லை. தையில் அறுத்தது குதிரின் கழுத்துக்குக் கொஞ்சம் கீழேதான் வந்தது. ஊர் முழுக்க அரிசிக்கு அல்லாடிக்கொண்டிருந்த சமயம். ரேஷன் கடையில் வரிசையில் நின்றால் அரிசி வரும் அல்லது வரிசை கலையும். நான் குதிரைப் பார்த்தேன், பிள்ளைகளைப் பார்த்தேன். சிக்கனமாகப் பிடித்தால் அடுத்த தை வரைக்கும் ஓட்டிவிடலாம் என்று மனசுக்குள் ஒரு தைரியம் வந்தது. மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவைத்தேன்.

அந்த நெல் குதிருக்குள் போன வாரமே அந்த அநியாயம் நடந்தது. தரையை மெழுக வேண்டும் என்று கூடத்தில் கிடந்த சாமான்களை ஒதுக்கினேன். தண்ணீர் படாமல் இருக்கட்டும் என்று ஸ்பீக்கரைத் தூக்கி, இன்னும் மூடாமல் விட்டிருந்த குதிரின் வாயில், சட்டியை அடுப்பில் வைக்கிற மாதிரி உட்காரவைத்தேன். ஆமாம், நான்தான் வைத்தேன், என் கையாலேயே. உள்ளே வந்தவர் அதைப் பார்த்தார். ஏன் அங்கே வைத்தாய் என்று கேட்கக்கூட இல்லை, போய் ரெக்கார்டைப் போட்டார்.

சேசுவே, என்ன சத்தம் அது! அலமாரியில் தட்டுகள் கடகடவென்று பேசின. பின்கட்டில் கட்டியிருந்த பசு எழுந்து நின்றுகொண்டது. பாட்டு கூடம் முழுக்க நிறைந்துவிட்டது. இவர் நின்ற இடத்தில் அப்படியே நின்றார். கூரையைப் பார்க்கவே இல்லை.

"கிட்ட வந்துட்டா," என்றார்.

இது இதோடு நிற்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் பயம் வீண் போகவில்லை. மறுநாள் ஆசாரி வந்தார். குதிரின் வாய்க்குச் சரியாக ஒரு பலகை மூடி, அதில் வட்டமாக ஒரு ஓட்டை, அதில் ஸ்பீக்கர். ஸ்பீக்கர் மேலே பார்த்துக்கொண்டிருந்ததால் பாட்டெல்லாம் கூரை ஓட்டுக்குப் போய்விடுகிறது என்று, என் முறத்தை எடுத்து உத்திரத்திலிருந்து கயிறு கட்டிச் சாய்வாகத் தொங்கவிட்டார். மேலே போகிற பாட்டு முறத்தில் பட்டு, அவருடைய சாய்வு நாற்காலியில் வந்து இறங்க வேண்டுமாம். நான் புடைப்பதற்குப் பக்கத்து வீட்டில் முறம் கடன் வாங்கினேன்.

அதோடு போயிருந்தாலும் பொறுத்திருப்பேன். அடுத்த வாரம் ஒரு மரக்கால் நெல் பிடித்து அவிக்க ஊறப் போட்டேன். சாயங்காலம் வந்தார், பாட்டைப் போட்டார். இரண்டு அடி முடியவில்லை, நாற்காலியை விட்டு எழுந்து அடுக்களை வாசலுக்கு வந்துவிட்டார்.

"நெல்லு எடுத்தியா?"

எடுத்தேன், உங்களுக்குச் சோறு போடத்தான் எடுத்தேன் என்றேன். உள்ளே நெல் இறங்கிவிட்டதால் பாட்டு கலைந்துவிட்டது என்றார். ஒரு மரக்கால் நெல்! அத்தனை பெரிய குதிரில் அது ஒரு விரற்கடை இறங்கியிருக்குமா? அந்த மனுஷனுக்கு அது காதில் விழுந்துவிட்டது. அதே கையோடு களிமண்ணைக் குழைத்துக் குதிரின் ஓட்டையை அடைத்துப் பூசினார். அந்த அம்மாவின் மூச்சு கிடைக்கிற வரைக்கும் இந்த நெல்லைத் தொடக் கூடாது, சாப்பாட்டுக்கு வேறு ஏற்பாடு செய்கிறேன் என்றார். அந்த ஊறப்போட்ட நெல்லையாவது விட்டாரே என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டுக்கொண்டேன், என் புத்தியைப் பாருங்கள்.

அவர் செய்த வேறு ஏற்பாடு ஒரு மூட்டைக் கேழ்வரகு. காலையில் கூழ், மத்தியானம் களி, சாயங்காலம் பாட்டு. பிள்ளைகள் களி உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு குதிரையே பார்த்துக்கொண்டிருக்கும். பெரியவள் ஒரு நாள் கேட்டாள்: "ஏம்மா, அந்த நெல்லு பாட்டு துன்றதுக்கா?" ஆமாம் என்றேன்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். கத்தினேன். பேசாமல் இருந்தேன். அவர் பங்குக்கு மட்டும் உப்பில்லாமல் களி கிண்டினேன். அவர் அதையும் சாப்பிட்டுவிட்டுக் குதிரைப் பார்த்தார். பாவசங்கீர்த்தனத்துக்குப் போன இடத்தில் என் பாவத்தை விட்டுவிட்டு அவர் பாவத்தைச் சொன்னேன். சாமியார் அவரைக் கூப்பிட்டு, பிள்ளைகள் சோற்றை விடப் பாட்டு பெரிதா என்று புத்தி சொன்னார். இவர் எல்லாவற்றுக்கும் ஆமாம் சாமி, ஆமாம் சாமி என்று ஒத்துக்கொண்டார். மறுநாள் இன்னொரு மூட்டைக் கேழ்வரகு வந்து இறங்கியது. ஆடி மாசம் வரைக்கும் பார்ப்பேன், அதற்கு மேல் கடப்பாரையால் குதிரை இடித்துத் தள்ளிவிடுவேன் என்று வைராக்கியமாக இருந்தேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த நெல் என் பிள்ளைகளின் வயிற்றுக்குப் போக வேண்டும்.

ஆடிக்கு முன்னாலேயே அதிகாரி வந்துவிட்டார். பஞ்ச காலம் என்பதால் வீடு வீடாக நெல் இருப்புப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். குடும்பத்துக்கு இவ்வளவு என்று விட்டுவிட்டு, மிச்சத்தைச் சர்க்கார் விலைக்கு எடுத்துக்கொள்வார்கள். வெயிலில் அலைந்து கறுத்துப்போன அந்த அதிகாரியும், ஊர்க் கர்ணமும், மரக்காலும் சாக்கும் தூக்கிக்கொண்டு இரண்டு ஆட்களும் கூடத்துக்குள் வந்தார்கள். களி தின்கிற பிள்ளைகளைப் பார்த்தார்கள், பூசி அடைத்த குதிரைப் பார்த்தார்கள். குதிரைத் தட்டினால் உள்ளே நெல் இருக்கிற சத்தம்.

இவர் மறைக்கவில்லை. மறைக்கிற புத்தி அவருக்குக் கிடையாது. நெல்தான், ஆனால் இதை நெல்லாகப் பார்க்காதீர்கள், செட்டில் இது ஒரு பாகம், ஆம்ப்ளிஃபயர் மாதிரி இதுவும் ஒரு சாமான் என்று பொறுமையாக விளக்கினார். அதிகாரி கர்ணத்தைப் பார்த்தார். கர்ணம் முறத்தைப் பார்த்தார். வைக்கோற்போருக்குள் பதுக்கினவனைப் பார்த்திருக்கிறேன், தொட்டிலுக்கு அடியில் வைத்தவனைப் பார்த்திருக்கிறேன், மேலே பாட்டு வைத்து மூடினவனை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அதிகாரி சிரித்துவிட்டார். அன்றைக்கு முழுக்க அவர் சிரித்திருக்க மாட்டார் என்று தோன்றியது. நான் மோர் கொண்டுவந்து கொடுத்தேன்.

எடுக்க வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் எடுக்கும்போது பாட்டு ஓடிக்கொண்டிருக்கட்டும், எனக்கு எவ்வளவு நஷ்டம் என்று தெரிய வேண்டும் என்று இவர் கேட்டுக்கொண்டார். அதிகாரிக்கு உட்கார ஒரு இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது. சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, போடுங்கள் என்றார். களிமண்ணைப் பெயர்த்தார்கள். தாலாட்டு மேலே ஓடியது, நெல் கீழே கொட்டியது. இவர் குதிரின் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, நாடி பார்க்கிற மாதிரி நின்றார்.

முதல் மூட்டை நிறைந்தபோது இவர் முகம் செத்துப்போயிருந்தது. இரண்டாவது மூட்டையில் பாட்டு கெட்டுவிட்டது என்று அதிகாரிக்கே தோன்றிவிட்டது. கொஞ்சம் முன்னால் நன்றாக இருந்ததே என்றார் அவர். கொஞ்சம் உள்ளே போட்டுப் பார்க்கலாமா என்று அவரே கேட்டார். சர்க்கார் மூட்டையின் வாயைப் பிரித்து, பலகை மூடியைத் தூக்கி, ஒரு மரக்கால் நெல்லை மறுபடி குதிருக்குள் கொட்டினார்கள். பாட்டைக் கேட்டார்கள். இல்லை, எடுத்ததே தேவலை என்று மறுபடி கீழே பிடித்தார்கள். இப்படி எத்தனை தடவை என்று கணக்கில்லை. இரண்டு ஆட்களும் வேர்த்துக் கொட்டிக்கொண்டு போடுவதும் எடுப்பதுமாக இருந்தார்கள். கர்ணம் நாற்பது வருஷமாக நெல் அளந்தவர், இப்படி ஒரு அளவையைப் பார்த்ததில்லை என்று என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார். பிள்ளைகள் களியை மறந்துவிட்டு வேடிக்கை பார்த்தன.

மூன்றாவது மூட்டை நிறையும்போது இவர் முகம் மாறியது. கல்யாணம் ஆனதிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருக்கிற முகம், எனக்குத் தெரியாதா? புருவம் மேலே போனது. வாய் கொஞ்சம் திறந்தது. நெல் இறங்க இறங்கப் பாட்டு நன்றாகிக்கொண்டே வருகிறது என்றார். அதிகாரியும் நிமிர்ந்து உட்கார்ந்து, ஆமாம், ஆமாம் என்றார்.

சர்க்காருக்குச் சேர வேண்டியது அதோடு முடிந்துவிட்டது. அதிகாரி கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார், மிச்சம் உங்கள் சாப்பாட்டுக்கு என்றார். எனக்கு உயிர் வந்தது. அப்போது இவர் சொன்னார்:

"நிறுத்தாதீங்க சார். இன்னும் எடுங்க."

அது குடும்பத்து நெல் என்று அதிகாரி சொல்லிப் பார்த்தார். பரவாயில்லை, எடுங்கள் என்றார் இவர். மூச்சு வருகிற நேரம், இதோ வந்துவிடும் என்றார். விருப்பப்பட்டுக் கொடுக்கிறவரைத் தடுக்கத் தனக்கு உத்தரவு இல்லை என்று அதிகாரி சொல்லிவிட்டு, மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கும் அந்த மூச்சைக் கேட்டுவிட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஆள் நாலாவது சாக்கை விரித்தான். கர்ணம் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

நெல் கொட்டிக்கொண்டே இருந்தது. கொட்டுகிற ஒவ்வொரு படியும் எந்த வேளைக்கு என்று எனக்குத் தெரியும். இது ஆவணி. இது புரட்டாசி. இது கிறிஸ்துமஸுக்கு என் சின்னவளுக்கு வடிக்க வேண்டிய சோறு. வெளி ஆண்கள் நாலு பேர் இருக்கிற கூடத்துக்கு நான் வந்து பேசுவது வழக்கமில்லை. வழக்கத்தை எல்லாம் பார்த்தால் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது? கரண்டியை வைத்துவிட்டு நேராக வந்து குதிருக்குப் பக்கத்தில் நின்றேன்.

"ஏங்க. போதுங்க. இப்ப கேக்குது."

அவர் திரும்பினார். எல்லாருமே திரும்பினார்கள்.

"இன்னா கேக்குது?"

"அந்த அம்மா மூச்சு வாங்கறது."

எனக்கு எதுவும் கேட்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், பாட்டு ஓடிக்கொண்டிருந்ததா நின்றுவிட்டதா என்றுகூட எனக்குத் தெரியாது. நெல் கொட்டுகிற சரசரப்பு ஒன்றுதான் காதில் இருந்தது. ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நிஜமாகவா என்று கேட்டார். நிஜமாக என்றேன். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போன நெல்லை நினைத்து வந்த தண்ணீர் அது. பாட்டைக் கேட்டு வந்தது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"கர்ணம்," என்றார், "ஓட்டையை அடைக்கச் சொல்லுங்க."

நாலாவது சாக்கில் விழுந்ததைக் குதிருக்குள்ளேயே திரும்பக் கொட்டிவிடலாமே என்று கர்ணம் கேட்டார். கொட்டினால் பாட்டு கெட்டுவிடும் என்று இவர் பதறினார். பிறகு அதிகாரிதான் அந்த நெல்லை அடுக்களைப் பானையில் கொட்டச் சொல்லிவிட்டு, போகும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டார். உங்களுக்கு நல்ல காதும்மா என்றார்.

மறுநாள் அந்தப் பானை நெல்லை அவித்தேன். அது தீர்ந்ததும், நடப்பது நடக்கட்டும் என்று குதிரின் துணியைப் பிடுங்கி ஒரு மரக்கால் பிடித்தேன். சாயங்காலம் அவர் பாட்டைப் போட்டபோது என் நெஞ்சு உலக்கை இடிக்கிற மாதிரி இடித்தது. பாட்டு முடிந்தது. எழுந்து வரப்போகிறார் என்று காத்திருந்தேன். எப்படி இருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார். நேற்றை விட இன்றைக்கு நன்றாக இருக்கிறது என்றேன். சரி என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு தினமும் இதே கதைதான். பகலில் நான் நெல் பிடிப்பேன், சாயங்காலம் அவர் கேட்பார், நான் நன்றாக இருக்கிறது என்பேன். திருப்புளியை எங்கேயோ எடுத்துப் போட்டுவிட்டார். தேக்குப் பலகைப் பெட்டியை உடைத்துத் தந்தார், நெல் அவிக்க விறகாயிற்று. தலையணைக்குப் பஞ்சு திரும்பி வந்தது. பிற்பாடு எத்தனையோ விதமான செட்டுகள் கடைகளுக்கு வந்தன, தெரிந்தவர்கள் எல்லாம் மாற்றச் சொன்னார்கள். அவர் இருந்த வரைக்கும் அந்த செட்டில் ஒரு ஆணியைக்கூட மாற்றவில்லை. எங்கள் வீட்டில் சரியாக அமைந்துவிட்டது என்று எல்லாரிடமும் சொல்லுவார். நான் ஏமாற்றிவிட்டேன் என்றும், காதுக்காரர் என்று பேர் வாங்கினவர் இவ்வளவு எளிதாக ஏமாந்துவிட்டாரே என்றும் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

அந்த மார்கழிக் கடைசியில் ஓட்டையில் கையை விட்டுத் துழாவினாலும் நெல் வரவில்லை. அடியில் ஒட்டிக்கிடப்பதைக் கூட்டி எடுக்க வேண்டும் என்றால் மேல் வழியாகச் சின்னவளை உள்ளே இறக்க வேண்டும். அவரிடம் சொல்லாமல் முடியாது. பயந்துகொண்டே சொன்னேன். எழுந்து வந்து, மூடியை ஸ்பீக்கரோடு தூக்கிக் கீழே வைத்தார். குனிந்து உள்ளே பார்த்தார். வெறும் குதிர். சின்னவளை அக்குளில் பிடித்து இறக்கிவிட்டார். அவள் கூட்டிக் கொடுத்ததை ஒரு கூடையில் வாங்கி என்னிடம் தந்தார். இரண்டு வேளைக்கு வரும். வயலில் கதிர் முற்றிவிட்டது, இன்னும் சில நாளில் அறுப்பு.

பிள்ளையைத் தூக்கி வெளியே விட்டுவிட்டு, மூடியை ஒழுங்காகப் பொருத்தி, ரெக்கார்டைப் போட்டார்.

ஐயோ, அதைப் பாட்டு என்றா சொல்வது? உறுமல். அந்த அம்மா என்ன பாடுகிறார் என்று ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. எருமை ஒன்று குதிருக்குள் மாட்டிக்கொண்டு கத்துகிற மாதிரி இருந்தது. இசை என்றால் என்னவென்றே தெரியாத எனக்கே பல் கூசியது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கடைசி வரைக்கும் கேட்டார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. வழக்கம்போல எப்படி இருக்கிறது என்று கேட்பார், என்ன சொல்வது என்று கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"பசங்க சாப்டுச்சிங்களா?"

அந்த வருஷம் முழுக்க அவர் வாயிலிருந்து வராத கேள்வி. சாப்பிட்டார்கள் என்றேன். வயிறு நிறையவா என்றார். நிறைய என்றேன்.

"அப்ப நல்லாதான் இருக்குது," என்று சொல்லிவிட்டு, எழுந்துபோய் ரெக்கார்டை மறுபடியும் முதலிலிருந்து வைத்தார்.

ஒரு மரக்கால் குறைந்ததைக் கேட்ட காது அது. அத்தனை மாசமும் சாயங்காலம் சாயங்காலம் அந்த மனுஷனுக்கு என்னென்ன கேட்டிருக்கும்! நான் கூடையைக் கீழே வைத்துவிட்டு அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எருமை கத்தி முடிக்கிற வரைக்கும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை, பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்.